ஃப்ரீட்ஹோஃப்: மாறாமல் நின்ற ஓர் உயிரெழுத்து

ஜெர்மன் மொழியில் இடுகாட்டுக்கு ஃப்ரீட்ஹோஃப் என்று பெயர். இரண்டு சொற்கள் ஒட்டிய கூட்டுச்சொல். பின்பாதியான ஹோஃப் என்றால் முற்றம், வளாகம். முன்பாதி ஃப்ரீடெ, அதாவது அமைதி என்று கொஞ்சம் ஜெர்மன் தெரிந்தவர்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார். ஆக, அமைதி முற்றம். இறந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கும் இடம். கேட்க இதமாக இருக்கிறது, இடத்துக்கும் பொருந்துகிறது. ஜெர்மன் பேசுகிறவர்களே பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல் அப்படிப் பிறக்கவில்லை. பிறந்தபோது அதில் அமைதியும் இல்லை, சாவும் இல்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். ஒரு சொல்லின் பிறப்பை எப்படி விசாரிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சொல்லைத்தான். காரணம், தடயம் முழுக்க ஒரே ஓர் உயிரெழுத்தில் இருக்கிறது. அதுவும் குறிலா நெடிலா என்ற வித்தியாசத்தில். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இதைவிட வசதியான தடயம் கிடைக்காது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வடிவம்

பழைய உயர் ஜெர்மன் என்று ஒரு காலகட்டத்தைச் சொல்வார்கள். தோராயமாக 750 முதல் 1050 வரை. அந்தக் காலத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஃப்ரீட்ஹொஃப். இன்றைய வடிவத்தோடு ஒப்பிட்டால் 'ஹொ' குறிலாக இருந்தது 'ஹோ' என்று நெடிலாகியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பாதி அப்படியே இருக்கிறது. பொருள் மட்டும் வேறு: கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் முற்றம், குறிப்பாக ஒரு தேவாலயத்தைச் சுற்றி வேலியோ மதிலோ போட்டு அடைத்த வெளி. லத்தீன் நூல்களில் 'ஆட்ரியம்' என்று வரும் முன்முற்றத்துக்கு இதைத்தான் ஜெர்மன் சொல்லாகக் கொடுத்தார்கள்.

ஆயிரம் ஆண்டாக மாறாமல் இருக்கும் சொல் என்றால் உறுதியான சொல் என்றுதான் நமக்குத் தோன்றும். சொற்பிறப்பு ஆய்வாளருக்கு அங்கேதான் சந்தேகம் வரும். ஏனென்றால் இடையில் ஜெர்மன் மொழியின் உயிரெழுத்துகள் இடம்பெயர்ந்தன. ஒன்றிரண்டு சொற்களில் இல்லை, மொழி முழுக்க. அந்த வெள்ளத்தில் இந்த 'ஃப்ரீ' மட்டும் நனையாமல் நின்றது எப்படி?

அந்த இடப்பெயர்ச்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதல் மாற்றம்: நெடில் 'ஈ' எல்லாம் 'ஐ' ஆனது. 1200 வாக்கில் 'வீன்' என்று சொன்னது இன்று 'வைன்', திராட்சை மது. 'ஈஸ்' இன்று 'ஐஸ்', பனிக்கட்டி. 'ட்சீட்' இன்று 'ட்சைட்', நேரம். 'ரீன்' என்ற ஆறு 'ரைன்' ஆனது. ஆங்கிலத்திலும் தனியாக இதே மாதிரி நடந்ததால்தான் வைன், ஐஸ் இரண்டும் நம் காதுக்குப் பழக்கமாக இருக்கின்றன. இந்த மாற்றம் 12ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியா, பவேரியா பக்கம் எழுத்தில் தலைகாட்டியது. பிறகு மெல்ல மெல்ல வடக்கும் மேற்கும் போய், 16ஆம் நூற்றாண்டுக்குள் ஜெர்மன் எழுத்து மொழியில் நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேச்சுவழக்குகளில் இது பெரும்பாலும் நுழையவே இல்லை. அங்கே இன்றும் நேரத்துக்கு 'ட்சீட்' என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாவது மாற்றம்: உயிரில் முடியும் அசையில் இருந்த குறில்கள் நீண்டன. 'ஸிபென்' என்ற ஏழு 'ஸீபென்' ஆனது. நமக்கு வேண்டிய சொல்லும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது: அமைதியைக் குறித்த 'ஃப்ரிடெ', குறில் இ-யோடு. அது நீண்டு 'ஃப்ரீடெ' ஆனது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1200-இல் அமைதி என்பது 'ஃப்ரிடெ', குறில். தேவாலய முற்றத்தின் முன்பாதி 'ஃப்ரீட்', நெடில். பல், பால் போல வெவ்வேறு சொற்கள். அப்புறம் நெடில் ஈ எழுந்து 'ஐ' என்ற இடத்துக்குப் போகிறது. காலியான நாற்காலியில் குறிலாக இருந்தது வந்து உட்காருகிறது. விதிப்படி நம் முற்றமும் வைன், ஐஸ் கூட்டத்தோடு கிளம்பிப்போய் 'ஃப்ரைட்ஹோஃப்' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பழைய நாற்காலியிலேயே இருந்தது. பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த 'அமைதி' அதன் கையைப் பிடித்துக்கொண்டது.

எழுத்திலும் இதற்கு ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. இன்று ஃப்ரீட்ஹோஃப் என்று எழுதும்போது ஜெர்மானியர்கள் 'ட்' இருக்கும் இடத்தில் டாக்டரின் முதல் எழுத்தைப் போடுகிறார்கள். வாயில் வருவதோ டீயின் முதல் ஒலி. அமைதி என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலைக் கொண்டுவந்து இதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். பழைய வடிவத்தில் எழுத்தும் ஒலியும் இரண்டுமே டீயின் முதல் ஒலிதான்.

விதியைக் கேட்டு நடந்த உறவுக்காரர்கள்

'ஆகியிருக்க வேண்டும்' என்று சொல்வது எளிது. சாட்சி இருக்கிறதா? இருக்கிறது.

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இடுகாட்டுக்கு 'ஃப்ரைட்ஹோஃப்' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. பேச்சுவழக்கிலும் ஊர்ப் பெயர்களிலும் இன்னும் எஞ்சியிருக்கிறது. வியன்னாவில் புனித ஸ்டெஃபான் பேராலயத்தைச் சுற்றி இருந்த பழைய இடுகாட்டைப் பழைய ஆவணங்கள் ஸ்டெஃபான்ஸ்ஃப்ரைட்ஹோஃப் என்றே குறிக்கின்றன. ஈ 'ஐ' ஆன மாற்றம் முதலில் கிளம்பிய அதே நிலப்பகுதி என்பதைக் கவனியுங்கள். விதி பிறந்த ஊரில் சொல் விதிப்படி நடந்திருக்கிறது.

இன்னொரு சாட்சி ஜெர்மனிக்கு வெளியே, நெதர்லாந்தின் தெற்குக் கோடியில் மாஸ்ட்ரிக்ட் நகரில் இருக்கிறது. புனித செர்வாசியஸ் ஆலயத்தின் முன்னால் ஒரு பெரிய சதுக்கம். வயலின் கலைஞர் ஆந்த்ரே ரியூ ஒவ்வொரு கோடையிலும் கச்சேரி நடத்தும் இடம் என்பதால் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த சதுக்கம். ஓரங்களில் காபிக்கடைகள், வெயில் வந்தால் நாற்காலிகள் வெளியே. அதன் பெயர் ஃப்ரெய்ட்ஹொஃப். டச்சு மொழியில் நெடில் ஈ 'எய்' ஆகும், 'வீன்' அங்கே 'வெய்ன்'. அதே கணக்கில் பழைய 'ஃப்ரீட்' அங்கே 'ஃப்ரெய்ட்' ஆகியிருக்கிறது. ஆலயத்து முன்முற்றம் என்ற பழைய பொருள் பெயரிலும் இடத்திலும் அப்படியே நிற்கிறது. அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது ஜெர்மானிய இடுகாட்டின் உடன்பிறப்பு என்று தெரியும்?

அப்படியானால் 'ஃப்ரீட்' என்ன?

பழைய உயர் ஜெர்மனில் 'ஃப்ரீட்டென்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. பேணுவது, அரவணைத்துக் காப்பது என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளை, ஜெர்மனுக்கு உறவான பழைய கோதிக் மொழியில் பெயர்த்தார். அதிலும் இதன் உறவுச்சொல் வருகிறது, ஒருவரைத் தண்டிக்காமல் விட்டுவிடுவது என்ற பொருளில். ஆகவே ஃப்ரீட்ஹோஃப் என்றால் காக்கும் முற்றம். அடைக்கலம் தரும் வளாகம்.

இது வெறும் அழகான பெயர் அல்ல. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயத்துக்கும் அதன் வளாகத்துக்கும் அடைக்கல உரிமை இருந்தது. துரத்தப்படுகிறவன் அந்த வேலியைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டால், துரத்தி வந்தவன் வெளியே நிற்க வேண்டும். அந்த வளாகத்திலேயே இறந்தவர்களையும் புதைத்தார்கள். புனிதர்களின் எலும்புகள் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்பது அக்கால நம்பிக்கை. காலப்போக்கில் வளாகத்தின் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன, புதைக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு இந்த வழக்கில் மனதைத் தொடுவது இதுதான். இன்று செத்தவர்களின் இடமாக மட்டும் ஒலிக்கும் சொல், உயிரோடு இருப்பவன் மூச்சிரைக்க ஓடிவந்து தப்பிக்கும் இடத்தின் பெயராகத் தொடங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போனால் நம் வீட்டுக்கே வந்து சேர்கிறோம். 'ஃப்ரீட்டென்' என்ற வினையின் வேர், அன்பு காட்டுவது என்ற பொருளுள்ள ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது ஜெர்மனும் சமஸ்கிருதமும் சேர்ந்த மொழிக்குடும்பத்தின் வேர். ஜெர்மனில் நண்பனைக் குறிக்கும் 'ஃப்ராய்ண்ட்' இதிலிருந்து வந்தது. சுதந்திரத்தைக் குறிக்கும் 'ஃப்ரை'யும் இதிலிருந்துதான். முதலில் 'நமக்குப் பிரியமானவர், நம்மவர்' என்று இருந்து, அடிமை அல்லாத நம் குலத்தார் என்றாகி, பிறகு சுதந்திரமானவர் என்று ஆனது. சமஸ்கிருதத்தில் இதே வேர் 'ப்ரிய' என்று வருகிறது. அதிலிருந்து தமிழுக்கு வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் பிரியம். பிரியா என்று மகளுக்குப் பெயர் வைக்கும் வீட்டுக்கும் அந்த இடுகாட்டுப் பெயருக்கும் ஒரே வேர்.

அமைதியைக் குறிக்கும் 'ஃப்ரீடெ'யும் அதே வேரில் கிளைத்ததுதான். கையைப் பிடித்து உட்கார வைத்தது அந்நியர் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். அதோடு, பழைய ஜெர்மானியச் சட்டத்தில் 'ஃப்ரீடெ' என்பது மனநிம்மதியையோ சத்தமில்லாமையையோ குறிக்கவில்லை. ஓர் எல்லைக்குள் ஒருவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பைத்தான் குறித்தது. அதன் சுவடு இன்றும் அழியவில்லை. மதில், வேலிக்கு 'உம்ஃப்ரீடுங்' என்று சொல்கிறார்கள். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அத்துமீறி வீடு புகுவதைப் பற்றியது. அந்தக் குற்றத்தின் பெயரை அப்படியே பிரித்தால் 'வீட்டு அமைதியை உடைத்தல்'. 1495-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் வோர்ம்ஸ் நகரில் அறிவித்த 'நிரந்தர நாட்டமைதி'யும், தனிப்பட்ட பகைப் போர்களைத் தடைசெய்து எல்லோருக்கும் பாதுகாப்பு தருவதாகச் சொன்ன சட்டம்தான். எனவே ஃப்ரீட்ஹோஃபை ஃப்ரீடெயோடு சேர்த்தவர்கள் தடம் மாறினார்கள் என்றாலும் வெகு தூரம் போய்விடவில்லை.

பின்பாதி ஹோஃபுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. முற்றம், பண்ணை, அரசவை என்று விரிந்த சொல். ரயில் நிலையத்துக்குப் பான்ஹோஃப். ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிலவைச் சுற்றி மங்கலான வட்டம் தெரிந்தால் நம் பாட்டிமார் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள். ஜெர்மானியர்கள் அதே வட்டத்துக்கு ஹோஃப் என்கிறார்கள். நிலாவுக்கு ஒரு முற்றம்.

யார் செய்தது, ஏன் செய்தார்கள்

ஒலியை வைத்துச் சொல் தடம் மாறியதைக் காட்டியாகிவிட்டது. ஏன் மாறியது என்பது அடுத்த கேள்வி.

முதல் காரணம் எளிது. 'ஃப்ரீட்டென்' என்ற வினை வழக்கொழிந்துபோனது. முன்பாதிக்குப் பொருள் சொல்ல ஆள் இல்லை. பேசுகிறவர்கள் பொருள் தெரியாத துண்டை வாயில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், தெரிந்த ஒன்றோடு அதைச் சேர்த்துவிடுவார்கள். இப்படி நடப்பதற்கு 'ஃபோல்க்ஸ்எட்டிமொலொகீ', மக்கள் சொற்பிறப்பு, என்று பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான். 1852-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் வந்தது. நூலகராக இருந்தவர். பிற்காலத்தில் டிரெஸ்டனில் உள்ள மாயா சுவடியின் எண்களையும் நாட்காட்டியையும் படித்துக் காட்டியவரும் இவரே.

இரண்டாவது காரணம் இடுகாடுகளின் வரலாற்றில் இருக்கிறது. 1527-இல் கொள்ளைநோய் பரவிய சமயம், நோய்க்குப் பயந்து ஓடலாமா என்று மார்ட்டின் லூதர் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் விட்டன்பெர்க் தேவாலய வளாகத்தைப் பற்றி வருத்தப்படுகிறார். நாலைந்து சந்துகளும் இரண்டு மூன்று சந்தைகளும் ஒன்றாகக் கலந்த மாதிரி கூச்சலும் நடமாட்டமுமாகக் கிடக்கிறதே என்கிறார். இறந்தவர்களின் இடம் மற்ற இடங்களிலிருந்து ஒதுங்கிய, நல்ல அமைதியான இடமாக இருக்க வேண்டும், அங்கே நின்று சாவையும் உயிர்த்தெழுதலையும் நினைத்துப் பிரார்த்திக்க முடிய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதாவது 1527-இல் அந்த வளாகத்தில் இல்லவே இல்லாத ஒன்று அமைதி. அது அப்போது ஓர் ஏக்கம்.

அந்த ஏக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேறியது. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே சில நகரங்கள் இடுகாட்டை மதிலுக்கு வெளியே கொண்டுபோயின. 1528-இல் இறந்த ஓவியர் ட்யூரர், நியூரம்பெர்க் மதிலுக்கு வெளியே இருக்கும் யோஹானிஸ் இடுகாட்டில்தான் கிடக்கிறார். ஹாலே நகரில் 1557-இல் நிக்கெல் ஹோஃப்மான் என்ற கட்டடக் கலைஞர் 94 வளைவுகள் சூழ்ந்த ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதன் பெயர் ஷ்டாட்கோட்டெஸாக்கர், நகரத்தின் 'கடவுளின் வயல்'. உடலை விதையாக நினைத்த பெயர். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவைப் படிக்க வைத்த ஆகுஸ்ட் ஹெர்மான் ஃப்ராங்கெ அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் வியன்னாவின் இடுகாடுகளை நகருக்கு வெளியே தள்ளினார். ஏழு ஆண்டுக்குப் பிறகு மோட்சார்ட்டைப் புதைத்த புனித மார்க்ஸ் இடுகாடு அப்படி வந்ததுதான். 1794-இல் பிரஷ்யச் சட்டமும் தேவாலயத்துக்குள்ளும் நகரக் குடியிருப்புகளுக்கு இடையிலும் புதைப்பதைத் தடைசெய்தது.

தேவாலயத்தைவிட்டுத் தள்ளிப்போன இடத்தைத் தேவாலய முற்றம், 'கிர்ஷ்ஹோஃப்', என்று சொல்வது பொருத்தமாக இல்லை. ஃப்ரீட்ஹோஃபுக்கு அந்தச் சங்கடம் இல்லை. மரங்களும் நடைபாதைகளுமாக ஒதுங்கிய இடம், கல்லறைக் கற்களில் 'அமைதியில் இளைப்பாறுக' என்ற வாசகம். அந்தக் கல்லில் இருப்பதும் 'ஃப்ரீடெ', வாசல் பெயரிலும் அதே ஒலி. இவ்வளவு ஆதரவு கிடைத்த பிறகு 'ஃப்ரைட்ஹோஃப்' எப்படி ஜெயிக்கும்?

பக்கத்து வழக்குகள்

இதே மாதிரி தடம் மாறிய கூட்டுச்சொற்கள் ஜெர்மனில் இன்னும் உண்டு. அகழெலிக்கு 'மௌல்வுர்ஃப்', பிரித்தால் 'வாயால் எறிவது'. அந்தப் பிராணி மண்ணை முன்னங்காலால் தள்ளுகிறது, வாயால் இல்லை. முன்பாதி முதலில் குவியலையும், பிறகு மண்ணையும் குறித்தது. தொங்கு தூளிக்கு 'ஹெங்கெமட்டெ', 'தொங்கும் பாய்'. கச்சிதமான ஜெர்மன் கூட்டுச்சொல் போலத் தெரிகிறது. ஆனால் அது கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடைய 'ஹமாக்கா', ஸ்பானிஷ், பிரெஞ்சு, டச்சு வழியாக வந்து உள்ளூர் உடை போட்டுக்கொண்டது.

இவற்றில் ஃப்ரீட்ஹோஃபோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பைபிளில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தின் பெயர். பழைய சொல் 'ஸின்ஃப்ளுஓட்'. 'ஸின்' என்றால் எங்கும், எப்போதும். எல்லாவற்றையும் மூடிய வெள்ளம். அந்த 'ஸின்' மறந்துபோனதும் மக்கள் அதைப் பாவத்தைக் குறிக்கும் 'ஸ்யுண்டெ'யோடு சேர்த்து, 'ஸ்யுண்ட்ஃப்ளூட்', பாவ வெள்ளம், ஆக்கினார்கள். கதைக்கும் அது பொருந்தியது. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே எழுதினார்கள். ஆனால் பின்னால் பழைய வடிவம் திரும்பி வந்தது, இன்று 'ஸிண்ட்ஃப்ளூட்' என்பதுதான் முறையான சொல். ஃப்ரீட்ஹோஃபை யாரும் அப்படித் திருப்பி இழுக்கவில்லை. இழுக்காததே சரி என்று நினைக்கிறேன். ஸ்யுண்ட்ஃப்ளூட் ஒரு கதைக்கு விளக்கம் சொன்னது. ஃப்ரீட்ஹோஃபோ மக்கள் உண்மையாகவே ஏங்கி, பிறகு கட்டியும் எழுப்பிய ஓர் இடத்துக்குப் பெயரானது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிய பொருள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்குக் கண் முன்னாலேயே சான்று இருக்கிறது. 2001-இல் காசெல் நகருக்குப் பக்கத்தில், ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டில், சாம்பல் கலசத்தை மரத்தடியில் புதைக்கும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். வைத்த பெயர் ஃப்ரீட்வால்ட். 'வால்ட்' என்றால் காடு. 'ஹோஃப்' இருந்த இடத்தில் காட்டைப் போட்டுவிட்டார்கள். இங்கே 'ஃப்ரீட்' என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் அமைதிதான். பழைய வினைச்சொல்லின் நிழல்கூட இல்லை.

கடைசியாக யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளால் உலகம் அறிந்த சகோதரர்களில் மூத்தவர். தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஜெர்மன் பேரகராதியின் முதல் தொகுதி 1854-இல் வந்தது, முழு வேலையும் முடிய 1961 ஆனது. யாக்கோப் 1863 செப்டம்பர் 20 அன்று இறந்தபோது எழுதிக்கொண்டிருந்த சொல் 'ஃப்ருஹ்ட்', பழம். ஜெர்மன் அகரவரிசையில் ஃப்ரைட்ஹோஃப், ஃப்ரீட்ஹோஃப் இரண்டும் அதற்குச் சற்று முன்னால் வருகின்றன. அவருடைய பங்கின் கடைசிப் பக்கங்களில் அடங்கிய சொற்கள் அவை. அவரும் வில்ஹெல்மும் பெர்லினில், ஷோனெபெர்க் பகுதியில், பக்கத்தில் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் பெயரில் ஃப்ரீட்ஹோஃபும் இல்லை, ஃப்ரைட்ஹோஃபும் இல்லை. பழைய புனித மத்தேயு கிர்ஷ்ஹோஃப் என்றே இன்றும் வழங்குகிறது.